சுற்றிச் சுற்றி ஓடும் கார்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

சென்னையிலிருந்து வேலை நிமித்தம் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்திருக்கும் இளம் நண்பர் ஒருவர் கேட்டது இது: “இங்கே தமிழர் வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்துக்குப் போனால், பிரியாணி முடிந்த கையோடு எல்லோரும் தொலைக்காட்சியில் கார் பந்தயம் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். கிரிக்கெட் என்றால் எனக்குப் புரியும். இருபது சொச்சம் கார்கள் ஒரே பாதையை ஐம்பது அறுபது முறை சுற்றுவதில் என்ன ரசனை? விபத்து நடக்கும் என்று காத்திருக்கிறீர்களா?”

தம்பி, விபத்துக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. இல்லை என்றால் பொய். ஆனால் அவர்கள் நாலு பந்தயம் பார்த்துவிட்டுக் கழன்றுகொள்வார்கள். பெரும்பாலான பந்தயங்களில் அவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி எதுவும் நடப்பதில்லை. வருஷக்கணக்காக ஒட்டிக்கொண்டு கிடப்பவர்களைப் பிடித்து வைத்திருப்பது வேறொன்று. அது வேகமும் அல்ல. தொலைக்காட்சியில் வேகம் தெரியவே தெரியாது. மணிக்கு 300 கிலோமீட்டரில் போகும் காரோடு கேமராவும் சேர்ந்து திரும்பினால், கார் ஏதோ மிதப்பதுபோல்தான் இருக்கும். நீங்கள் சலித்துப்போனதில் தவறே இல்லை.

பந்தயத்தில் நடப்பவற்றில் முக்கால்வாசி கண்ணுக்குப் படாமல் நடக்கிறது. டயர் தேய்கிறது, பிரேக் கொதிக்கிறது, முன்னால் போகிறவன் எப்போது பிட்டுக்குள், அதாவது டயர் மாற்றும் இடத்துக்குள், நுழைவான் என்று பின்னால் வருகிறவனின் ஆட்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். திரையின் ஓரத்தில் ஓடும் நேர இடைவெளிகள்தான் இவற்றுக்கெல்லாம் சாட்சி. 2.4 வினாடி என்று இருந்த இடைவெளி அடுத்த சுற்றில் 2.1 ஆகிறது, பிறகு 1.7 ஆகிறது. கார்கள் இரண்டும் பார்வைக்கு முன்போலவேதான் போய்க்கொண்டிருக்கும். ஆனால் படிக்கத் தெரிந்தவருக்கு அங்கே ஒரு முற்றுகை நடந்துகொண்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த அன்றைக்கு நீங்கள் ரசிகராகிவிட்டீர்கள்.

எல்லாவற்றுக்கும் வேர் டயர்தான். அவ்வளவு குதிரைத்திறனும் தரையைத் தொடுவது நான்கு ரப்பர் பட்டைகள் வழியாக மட்டுமே. அந்த ரப்பர் தேவையான சூட்டுக்கு வந்தால் ஒட்டும். சூடு குறைந்தால் வழுக்கும். மிஞ்சினால் மேல்தோல் உரிந்து துணுக்குத் துணுக்காகச் சிதறும். பந்தயம் முடிந்ததும் சில இடங்களில் ரசிகர்களை ஓடுதளத்தில் நடக்க விடுவார்கள். வளைவின் வெளிப்புறம் போய்ப் பாருங்கள். பட்டாணி அளவுக் கறுப்பு உருண்டைகள் வாரிக் கொட்டினதுபோல் கிடக்கும். கையில் எடுத்தால் பிசுபிசுக்கும், செருப்பின் அடியில் அப்பிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். முந்திச் செல்ல முயலும் ஓட்டுநர் சுத்தமான பாதையை விட்டு அந்த உருண்டைகளின் மேல் காரை ஏற்ற வேண்டியிருக்கிறது. ‘ஏன் அவன் முந்தவில்லை, இடம்தான் இருக்கிறதே?’ என்று சோபாவிலிருந்து கேட்பவருக்கு விடை அங்கே தரையில் கிடக்கிறது. பந்தயம் முடிந்து திரும்பும் சுற்றில் ஓட்டுநர்கள் வேண்டுமென்றே அந்த உருண்டைகளின் மேல் ஓட்டி டயரில் ஒட்டவைத்துக்கொள்வதும் உண்டு. எடை பார்க்கும்போது கார் குறைந்தபட்ச எடைக்குக் கீழே போய்விடக் கூடாது என்கிற முன்ஜாக்கிரதை.

உதாரணத்துக்கு நம் நாட்டில் நடந்த ஒரு பந்தயத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1979 மார்ச், ஜொகன்னஸ்பர்க்குக்கு வடக்கே இருக்கும் கயலாமி ஓடுதளம், ஃபார்முலா ஒன் பந்தயம். ஃபெராரி அணிக்கு இரண்டு ஓட்டுநர்கள். ஒருவர் ஈஸ்ட் லண்டனில் பிறந்த நம் நாட்டுக்காரர் ஜோடி ஷெக்டர், மற்றவர் கனடாவின் ஜில் வில்நேவ். பந்தயம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மழை கொட்ட, நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார்கள். தரை இன்னும் ஈரம், ஆனால் மழை விட்டுவிட்டது. வில்நேவ் மழை டயரில் கிளம்பினார். ஷெக்டர் துணிந்து, காய்ந்த தரைக்கான வழவழப்பான டயரைப் போட்டுக்கொண்டார். முதலில் வில்நேவ் பறந்தார். தரை காய்ந்ததும் அவர் டயர் மாற்ற உள்ளே வரவேண்டியதாயிற்று. ஷெக்டர் முன்னால் போனார். சொந்த மண், சொந்த ரசிகர்கள், போட்ட கணக்கும் சரி. அப்புறம்தான் வினை. பிரேக் பிடித்தபோது சக்கரம் பூட்டிக்கொண்டு டயரில் ஓரிடம் தட்டையாகத் தேய்ந்துவிட்டது. அந்த அதிர்வோடு ஓட்ட முடியாமல் அவரும் டயர் மாற்ற வந்தார். வென்றது வில்நேவ், சில வினாடிகள் பின்னால் ஷெக்டர். அந்த ஆண்டு உலகப் பட்டம் ஷெக்டருக்குத்தான் போனது என்பது வேறு விஷயம். ஃபெராரி ஓட்டுநர் ஒருவர் அடுத்த பட்டத்தை வாங்க 2000-ஆம் ஆண்டில் ஷூமாக்கர் வரவேண்டியிருந்தது.

இரண்டு பேருக்கும் ஒரே கார், ஒரே அணி. முடிவைத் தீர்மானித்தது ஒரு டயரில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்த இடம். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பந்தயத்தைப் பார்ப்பவரும், தெரியாமல் பார்ப்பவரும் வெவ்வேறு காட்சிகளைப் பார்க்கிறார்கள்.

இன்றைய ஃபார்முலா ஒன்றில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிவிட்டது. 2010 முதல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பக் கூடாது. காய்ந்த தரையில் குறைந்தது இரண்டு வகை டயரைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்பதால் எல்லோரும் ஒருமுறையாவது உள்ளே வரவேண்டும். நான்கு டயரையும் மாற்ற இரண்டு மூன்று வினாடிகள்தான். 2023-இல் கத்தாரில் மெக்லாரன் ஆட்கள் 1.8 வினாடியில் மாற்றினார்கள். ஆனால் பிட் பாதையில் வேகக் கட்டுப்பாடு இருப்பதால், உள்ளே போய் வெளியே வரும் மொத்த இழப்பு இருபது வினாடியை ஒட்டி வந்துவிடும். புது டயர் சுற்றுக்கு ஒன்றிரண்டு வினாடி லாபம் தரும். ஆகவே முன்னால் போகிறவனுக்கு முன்பே உள்ளே நுழைந்து புது டயரோடு விரட்டினால், அவன் அடுத்த சுற்றில் வந்து திரும்பும்போது நீ அவனுக்கு முன்னால் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். நடுவில் ஒரு மெதுவான கார் குறுக்கே வந்துவிட்டால் போட்டதெல்லாம் வீண். டர்பனில் இருந்துகொண்டு இன்னும் துன்னி ஆடாவிட்டால் சீக்கிரம் கற்றுக்கொள்ளுங்கள்; அந்தச் சீட்டாட்டத்தில் ஆறு பிடியும் எனக்கே என்று ஒருவர் துன்னி கூப்பிட்டதும் மேசையைச் சுற்றி ஒரு மௌனம் விழுமே, சீக்கிரமே பிட்டுக்குள் திரும்பும் காரைப் பார்க்கும்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் விழுவதும் அதே மௌனம்தான்.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத விஷயம் காற்று. இதை டர்பன்காரருக்கு விளக்கவே தேவையில்லை. பழைய காரில் பிள்ளைகுட்டி, மூட்டை முடிச்சோடு என்-3 நெடுஞ்சாலையில் ஜொகன்னஸ்பர்க் போனவர்களுக்கு வான் ரீனன் கணவாய் தெரியும். கடலோரத்தில் சிட்டாய்ப் பறந்த வண்டி அங்கே மூச்சு வாங்கும். கியரைக் குறைத்துக் குறைத்து லாரிகளின் பின்னால் ஊர வேண்டியிருக்கும். ஏற்றம் ஒரு காரணம் என்றால், உயரத்தில் காற்று அடர்த்தி குறைவது இன்னொன்று. மேலே போய்ச் சமதளத்தில் ஓட்டினாலும் பழைய இழுவை வராது. கயலாமி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. சாதாரண எஞ்சினுக்கு அந்த அளவுக்குப் பலம் போய்விடும். டர்போ எஞ்சின் காற்றைத் தானே அழுத்தி உள்ளே தள்ளுவதால் அதற்கு நஷ்டம் கொஞ்சம்தான்.

1970-களின் கடைசியில் ரெனோ நிறுவனம் டர்போவைக் கொண்டுவந்தபோது அது புகை கக்கி நிற்பதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்ற இடங்களில் ஒன்று கயலாமி. நான் மேலே சொன்ன அதே 1979 பந்தயத்தில் முதலிடத்திலிருந்து கிளம்பியது ஜான்-பியர் ஜபூயின் ரெனோ. அடுத்த ஆண்டு அங்கே ரெனே ஆர்னூ ரெனோவில் வென்றார். 1982-இல் அலான் புரோஸ்ட்டின் ரெனோ டயர் பஞ்சராகி எட்டாம் இடத்துக்குப் போய்விட்டது. புது டயரோடு வெளியே வந்தவர் ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசியில் முன்னணியில் இருந்த தன் அணித் தோழர் ஆர்னூவையும் தாண்டி வென்றார். புரோஸ்ட்டின் திறமை பாதி, மேட்டுநிலத்தின் மெலிந்த காற்று பாதி. ஒரு நாட்டின் நிலவியலே பந்தய முடிவில் கை வைக்கிறது என்றால் எனக்கு அது அலுக்கவே அலுக்காது.

அதே 1982 பந்தயத்துக்கு முன்பு நடந்ததும் சுவையானது. ஓட்டுநர் உரிமத்தில் அணிகளுக்குச் சாதகமான ஷரத்துகளைச் சேர்த்ததை எதிர்த்து, நிக்கி லாடாவும் திதியே பிரோனியும் முன்னின்று, ஓட்டுநர்கள் பஸ்ஸில் ஏறி ஜொகன்னஸ்பர்க்கில் ஒரு ஹோட்டலுக்குப் போய் வேலைநிறுத்தம் செய்தார்கள். உலகின் மிக விலையுயர்ந்த தொழிலாளர்கள் ஒரே கூடத்தில் மெத்தை விரித்துப் படுத்தார்கள். எலியோ டி ஆஞ்சலிஸ் பியானோ வாசித்தார். தொழிற்சங்கத்தில் இருந்த எங்கள் பெரியவர்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். கோரிக்கையின் விவரம் அவர்களுக்குத் தெரியாது. கூட்டாகப் படுத்தார்கள் என்பதே போதும்.

கதைகள் என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று 1967 ஜனவரி. உலகப் பட்டத்துக்கான பந்தயம் கயலாமியில் முதல்முறையாக நடக்கிறது. அதற்கு முன் ஈஸ்ட் லண்டனில்தான் நடந்துவந்தது. ரொடீஷியாக்காரர் (இன்றைய ஜிம்பாப்வே) ஜான் லவ், வயது 42, பழைய நான்கு சிலிண்டர் கூப்பர் ஒன்றைச் சொந்த முயற்சியில் கொண்டுவந்திருந்தார். ஐரோப்பிய அணிகளின் கார்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகின. வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்த டென்னி ஹியூமுக்கும் பிரேக் கோளாறு. பார்த்தால், லவ் முதலிடத்தில்! உள்ளூர்ப் பந்தயக்காரன் ஒருவன் உலகப் பந்தயத்தை வெல்லப்போகிறான் என்று கூட்டம் எழுந்து நிற்கிறது. முடிய சில சுற்றுகளே இருக்கும்போது எஞ்சின் இருமத் தொடங்கியது. எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் லவ் உள்ளே திரும்பி நிரப்பிக்கொண்டு வந்தார். அதற்குள் மெக்ஸிகோவின் பெட்ரோ ரொட்ரிகெஸ் முன்னால் போய்விட்டார். லவ் இரண்டாமிடம். நின்றது சரியா, நிற்காமல் துணிந்திருக்கலாமா என்று இன்றைக்கும் கிழவர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். நான் நின்றது சரி என்கிற கட்சி. நடுவழியில் வறண்டு நின்றால் இரண்டாமிடமும் போயிருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, அந்த நாளில் பார்வையாளர் மேடையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைச் சொல்லாமல் போனால் அது நேர்மை ஆகாது. நிறவெறி ஆட்சியின் 1953 தனி வசதிகள் சட்டம் பூங்காப் பெஞ்சு முதல் கடற்கரை வரை எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரித்திருந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ராய் ஹெஸ்கெத் என்றொரு ஓடுதளம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் இறந்த ஓர் ஓட்டுநரின் பெயர். டர்பனிலிருந்து ஒரு மணி நேரப் பயணம் என்பதால் நேட்டாலின் இந்தியர்களுக்குக் கைக்கெட்டிய பந்தயம் அதுதான். போய்வந்த பெரியவர்கள் சொல்வார்கள்: டிக்கெட் கிடைக்கும், உட்காரும் இடம் மட்டும் வேறு. காரை ஓட்டுவதோ கனவிலும் இல்லை. அதனால்தானோ என்னவோ, வெளிநாட்டு ஓட்டுநர் வென்றால் நம்மவர் பகுதியில் கைதட்டல் கொஞ்சம் பலமாக இருக்கும். ரக்பியிலும் கிரிக்கெட்டிலும் அப்படித்தானே இருந்தது.

ஓட்ட முடியாதவர்களுக்கு எஞ்சின் மட்டும் கிடைத்தது. டர்பனின் கிளேர்வுட்டிலும் ஜேக்கப்ஸிலும் தகரக் கொட்டகைப் பட்டறைகள், சாட்ஸ்வொர்த்தில் வீட்டுப் பின்புறமே பட்டறை. இந்தியர்கள் நடத்திய தனியார் பஸ்கள் வேறு. பயணிகளைப் பிடிக்க இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு சாலையில் வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பந்தயம் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. (அதைப் பரிந்துரைக்கவில்லை, உள்ளே உட்கார்ந்திருந்த பாட்டிமார்கள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள்.)

அந்தப் பட்டறைகளில் ஒரு பழக்கம் பார்த்திருக்கிறேன். எஞ்சினில் ஏதோ சத்தம் வருகிறது என்று வண்டியைக் கொண்டுவருவார்கள். மேஸ்திரி நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து, அதன் நுனியை ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் மேல் ஊன்றுவார். மரப்பிடியைக் காதோடு அழுத்துவார். கண்ணை மூடிக்கொள்வார். நுனியை இரண்டு அங்குலம் நகர்த்துவார், மறுபடி கேட்பார். கடைசியில் விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டி, “மூன்றாவது சிலிண்டர், வால்வு” என்பார். திறந்து பார்த்தால் அதுதான். சுற்றி நிற்கும் பையன்கள் வாய் பிளப்பார்கள். மூடியிருக்கும் இரும்புக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து அறிகிற அந்த வித்தைதான் பந்தயம் பார்ப்பதும். எங்கள் ஆட்களுக்கு இந்த விளையாட்டு ஏன் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது என்று கேட்டால், நான் அந்தத் திருப்புளியைத்தான் காட்டுவேன்.

கொண்டாடவே முடியாத பந்தயம் ஒன்று 1985 அக்டோபரில் கயலாமியில் நடந்தது. நாட்டில் நெருக்கடி நிலை. நிறவெறி ஆட்சியை எதிர்த்து உலகம் முழுக்கப் புறக்கணிப்பு. பிரெஞ்சு அரசின் நெருக்குதலில் பிரெஞ்சு அணிகளான ரெனோவும் லிஜியேவும் வரவில்லை. வந்த சில அணிகள் காரிலிருந்து விளம்பரதாரர் பெயரை எடுத்துவிட்டு ஓட்டின. நைஜல் மான்சல் வென்றார், ஆனால் வென்றவர் பெயரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அதோடு ஃபார்முலா ஒன் இங்கே வருவது நின்றது. மண்டேலா விடுதலையான பிறகு, மாற்றியமைத்த கயலாமியில் 1992-இலும் 1993-இலும் இரண்டே முறை நடந்தது. 1993-இன் தொடக்கச் சுற்றுகளில் சென்னா, புரோஸ்ட், இளம் ஷூமாக்கர் மூவரும் ஒருவரையொருவர் விடாமல் துரத்தியதைக் கிடைத்தால் பாருங்கள். வென்றது புரோஸ்ட். அதற்குப் பிறகு ஆப்பிரிக்கக் கண்டத்தில் ஒரு ஃபார்முலா ஒன் பந்தயமும் நடக்கவில்லை. கறுப்பின ஓட்டுநரான லூயிஸ் ஹாமில்டன் ஆப்பிரிக்காவில் பந்தயம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இங்கே அவருக்கு இருக்கும் ரசிகர் கூட்டம் ஏழு உலகப் பட்டங்களால் மட்டும் வந்தது அல்ல என்பது உங்களுக்கே புரியும்.

இனி நீங்கள் கேட்ட விபத்து. 1977 மார்ச் 5, கயலாமி. ரென்சோ சோர்சியின் ஷேடோ கார் பழுதாகி ஓடுதளத்தின் மறுபக்கம் நின்று, சிறிதாகத் தீப்பிடித்தது. தொண்டர்கள் இருவர் தீயணைப்பானோடு ஓடுதளத்தைக் குறுக்கே கடந்தார்கள். மேட்டுக்கு அந்தப்பக்கம் வரும் கார்களுக்கு அவர்களைத் தெரியாது. டாம் பிரைஸின் கார் மோதியது. தொண்டர் ஃப்ரெடரிக் யான்சன் வான் வூரனுக்கு வயது 19. அவர் கையிலிருந்த தீயணைப்பான் பிரைஸின் தலையில் பட்டது. இருவரும் அங்கேயே இறந்தார்கள். அதற்கு மூன்றாண்டு முன்புதான் அதே கயலாமியில் பயிற்சி ஓட்டத்தில் பீட்டர் ரெவ்சன் இறந்திருந்தார். இதையெல்லாம் அறிந்த எந்த ரசிகரும் விபத்துக்காகக் காத்திருக்க மாட்டார். கார் சுவரில் மோதியதும் எங்கள் கூடத்தில் எல்லோரும் பார்ப்பது ஓட்டுநரின் கையைத்தான்; அது அசைகிறதா, ஸ்டியரிங்கைக் கழற்றுகிறதா என்று. கழற்றினால்தான் மூச்சு வரும். ஆபத்து இந்த விளையாட்டில் இருக்கிறது, ஆனால் அதுதான் கவர்ச்சி என்று எழுதுபவர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. ஒட்டும் ரப்பருக்கும் வழுக்கும் ரப்பருக்கும் நடுவே உள்ள மயிரிழை எல்லையில் ஒரு மனிதன் ஒன்றரை மணி நேரம் நிதானம் தவறாமல் இருக்கிறான் என்பதுதான் வியப்பு. அவன் பத்திரமாக வீடு திரும்பினால் வியப்பு ஒரு துளியும் குறையாது.

பணக்காரர் விளையாட்டு என்று அடுத்துச் சொல்வீர்கள். ஆமாம். மறுக்க ஒன்றுமில்லை.

ஆனால் பணக்காரர் விளையாட்டின் கீழேயும் பக்கத்திலும் நிறைய நடக்கிறது. ஜொகன்னஸ்பர்க்கின் சொவேட்டோவில் பிறந்த ‘ஸ்பின்னிங்’ பார்த்திருக்கிறீர்களா? பழைய பிஎம்டபிள்யூ 325ஐ, செல்லப் பெயர் குஷெஷே, புகைக்குள் பம்பரமாகச் சுழலும். ஓட்டுநர் கதவு வழியே பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு ஓட்டுவார். முதலில் ரவுடித்தனம் என்று ஒதுக்கப்பட்டது, இப்போது அங்கீகாரம் பெற்ற மோட்டார் விளையாட்டு. எனக்கு அது பந்தயமாகப் படவில்லை என்றாலும் கை தட்டாமல் இருக்க முடியாது. பாலைவனப் பந்தயமான டக்கார் ராலியை எடுத்துக்கொண்டால், 2009-இல் நம் ஜினீல் டி வில்லியர்ஸ் வென்றார். 2019-இல் டொயோட்டாவுக்கு முதல் டக்கார் வெற்றியைக் கொண்டுவந்த ஹைலக்ஸ் இந்த நாட்டில் கட்டப்பட்ட வண்டி. சாலையில் ஓடும் ஹைலக்ஸ் டர்பனுக்குத் தெற்கே புராஸ்பெக்டன் ஆலையில்தான் உருவாகிறது. பந்தய வண்டிக்குச் சட்டகம் முதல் எல்லாமே வேறு, பெயரும் முகமும்தான் ஒன்று. இருந்தாலும் மெர்பேங்க்கிலும் ஐசிபிங்கோவிலும் அந்த ஆலைக்கு ஷிஃப்ட் போய்வருகிறவர்களிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். ‘எங்கள் வண்டி’ என்பார்கள். விடுங்கள், அதில் நியாயம் இருக்கிறது.

டெஸிரே வில்சனையும் தெரிந்துகொள்ளுங்கள். பிராக்பனில் பிறந்தவர். 1980-இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச்சில், பிரிட்டிஷ் ஃபார்முலா ஒன் தொடரில் ஒரு பந்தயத்தை வென்றார். ஃபார்முலா ஒன் காரில் பந்தயம் வென்ற ஒரே பெண் இன்றுவரை அவர்தான். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாமல் இருப்பது எனக்குத் தீராத வருத்தம்.

நம்மவர் யாரும் இல்லையா என்றால், இருக்கிறார்கள், உங்கள் பக்கத்திலிருந்துதான். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டன் அணியில் சேர்ந்து, ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2010-இல் சென்னையின் கருண் சந்தோக். கார்த்திகேயன் கிளம்பிய முதல் ஞாயிறன்று டர்பன் வீடுகளில் இருந்த குதூகலம், 1860-இல் சென்னையிலிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுடையது. கார் முன்னணியில் இல்லாவிட்டாலென்ன, திரையில் நம் பெயர் ஓடியது! அஜித் குமாரின் அணி 2025-இல் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் வந்தபோது சென்னை என்ன பாடுபட்டது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயமும் நடந்ததே. ஆக இந்தப் பைத்தியம் எங்களுக்கு மட்டும் உரியது என்று சொல்லிவிட முடியாது.

டர்பனுக்கும் ஒரு தெருப் பந்தயம் வாய்த்தது. நாடுகள் அணிகளாக மோதிய ஏ-1 கிராண்ட் பிரி, 2006 முதல் 2008 வரை கடற்கரையோரச் சாலைகளில் ஓடியது. முதல் ஆண்டு முக்கியப் பந்தயத்தை வென்றவர் நெதர்லாந்தின் யோஸ் வெர்ஸ்டாப்பன். ஆமாம், உலகப் பட்டம் வென்ற மாக்ஸின் அப்பா. வாரநாளில் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) வாங்கிக்கொண்டு சாவகாசமாக நடந்த தெருவில் அந்தச் சத்தம் கட்டிடங்களுக்கிடையே மோதித் திரும்பியபோது, நெஞ்செலும்பு அதிர்வது என்றால் என்ன என்று ஊரே தெரிந்துகொண்டது.

சரி, எங்கே தொடங்குவது? தென்னாப்பிரிக்காவில் இருப்பதில் ஓர் அதிர்ஷ்டம், ஐரோப்பாவின் கோடையில் மத்திய ஐரோப்பாவின் கடிகாரமும் நம்முடையதும் ஒன்றே. ஐரோப்பியப் பந்தயங்கள் பெரும்பாலும் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு. விருந்து செரிக்கிற நேரம். முதலில் போகிறவனைப் பார்க்காதீர்கள்; அவனுக்குப் பெரும்பாலும் தனிமைதான் துணை. எட்டாமிடத்திலிருந்து பன்னிரண்டாமிடம் வரை ஒரு கொத்தைத் தேர்ந்தெடுங்கள். பத்தாமிடம் வரைக்கும்தான் புள்ளி என்பதால் அங்கேதான் உயிர்ப்போராட்டம். இடைவெளி எண்களைப் பாருங்கள். யார் எந்த டயரில், எத்தனை சுற்றாக ஓட்டுகிறார் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வையுங்கள். அடுத்து உள்ளே வரப்போவது யார் என்று மனதுக்குள் ஊகம் செய்யுங்கள். உங்கள் ஊகம் முதன்முதலாகப் பலிக்கும்போது, பக்கத்தில் இருப்பவரின் தொடையில் ஓங்கி அடிப்பீர்கள். சில பந்தயங்கள் நிஜமாகவே சப்பென்று போகும். மொனாக்கோவில் முந்த இடமே கிடையாது, சனிக்கிழமைத் தகுதிச் சுற்றோடு பாதிக் கதை முடிந்துவிடும். அன்றைக்குப் பாயசம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

திரையோடு நின்றுவிடாதீர்கள். கயலாமிக்கோ, கேப் டவுன் பக்கம் போனால் கில்லார்னிக்கோ, உள்ளூர் சங்கப் பந்தயம் ஒன்றுக்குப் போங்கள். நேர்ப்பாதையின் நடுவே உட்காராதீர்கள், அங்கே கோடுதான் தெரியும். நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடம்தான் சரியான இடம். யார் முந்திப் பிரேக் பிடிக்கிறார், யார் பிந்திப் பிடிக்கிறார் என்று சத்தத்திலேயே தெரியும். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இடைவேளையில் பிட் பக்கம் நடந்து போனால், விரலெல்லாம் கிரீஸ் அப்பிய மனிதர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். இறைச்சி சுடும் புகையும் பெட்ரோல் வாசனையும் கலந்து வரும். மேட்டுநிலத்தில் கோடைகாலப் பிற்பகல் இடிமழைக்குப் பேர்போனது, மழைச்சட்டை அவசியம். தொப்பியும் மடக்கு நாற்காலியும் உங்கள் பொறுப்பு. காதடைப்பான் என்னிடம் கூடுதலாக ஒரு ஜோடி இருக்கிறது.